கேரித் தீவில் பறவை நோக்கல்



பறவை நோக்கல் என்பது பறவையைப் பிடிப்பதும் அன்று. கூண்டில் வளர்ப்பதும் அன்று. பறவை தன் போக்கில் இருக்க, நாம் சற்று ஒதுங்கி நின்று, அது எதை உண்கிறது, எங்கே தங்குகிறது, எந்த மாதத்தில் வருகிறது, எந்த மாதத்தில் மறைகிறது என்பனவற்றைக் கண்டு எழுதி வைக்கும் கல்வியே அது. இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. தொலைநோக்கி இருப்பின் நன்று, இல்லையெனினும் குறையில்லை. பொறுமையும் ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். பேனா வேண்டாம், மழையில் மை கரைந்துவிடும். நம் தீவில் மழைக்குக் குறைவில்லை என்பதை நீங்களே அறிவீர்கள்.

பறவைகளைக் காண வேண்டுமானால் 1991-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கோலாலம்பூர்ப் பறவைப் பூங்காவுக்குத்தான் பேருந்தேற வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அங்குச் செல்வதும் நன்றே. ஆயினும் அங்குள்ள பறவைகளுக்கு உணவு வேளை தவறாமல் தட்டில் வருகிறது. உணவு தேடிப் பிழைக்கும் பறவையின் அறிவைக் காண்பதற்கு நாம் வாழும் கேரித் தீவே தக்க இடம்.

எந்த இடத்தில் பறவை நோக்கினாலும் முதலில் அறிய வேண்டியது நீரின் போக்கு. இதற்கு நம் நாட்டுக்கு முற்றிலும் மாறான ஓரிடத்தை எடுத்துக்காட்டாகக் கூறுவேன். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில், ஸ்பெயின் நாட்டுக்கு உரிய கனேரித் தீவுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஃபுயெர்த்தெவெந்துரா. நம் கரையோரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்தத் தீவின் கரையோரத்தில் 100 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்கிறது. அங்கு ஆறுகள் இல்லை. எப்போதேனும் பெய்யும் மழை, மலையிலிருந்து கடல் வரை அரித்துச் சென்ற வறண்ட பள்ளங்களே உள்ளன. கல்லும் முள்ளும் நிறைந்த அப்பள்ளங்களில்தான் செடிகள் சற்றுத் தழைக்கின்றன. செடியை நாடிப் பூச்சிகளும், பூச்சியை நாடிப் பறவைகளும் வருகின்றன. சிட்டுக்குருவியினும் சிறிய ஒரு கல்குருவி இனம் அந்தத் தீவில் மட்டுமே வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. அதனைக் காண விழைவோர் அப்பள்ளங்களில் வெயிலில் காத்திருக்கின்றனர்.

வறண்ட தீவில் ஈரம் தங்கும் இடத்தில் பறவை கூடுகிறது. நம் தீவிலோ எங்கும் ஈரம். ஆகவே இங்கு நீர் விலகும் இடத்தில் பறவை கூடுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் நம் தீவின் பறவை நோக்கலில் பாதி பாடம் முடிந்தது எனலாம்.

கேரித் தீவின் பெரும்பகுதி, கடல் ஏற்றத்தின் மட்டத்தைவிடத் தாழ்ந்த களிமண் நிலம். கரையைச் சுற்றி மண் அணை எழுப்பி, நீர்க்கதவுகள் அமைத்து, உள்ளே வாய்க்கால்கள் வெட்டியதனால்தான் இங்குச் செம்பனை நிற்கிறது. நம் லயங்களும் பள்ளியும் நிற்கின்றன. கடல் வற்றும்போது கதவு திறந்து மழைநீர் வெளியேறுகிறது. கடல் ஏறும்போது கதவு அடைத்து உப்புநீரைத் தடுக்கிறது. இந்த அணையையும் வாய்க்காலையும் பேணிவந்ததில் தோட்டத் தொழிலாளர் பல தலைமுறையினரின் வியர்வை கலந்துள்ளது. பறவை நோக்குவோருக்கும் இதைவிடச் சிறந்த மேடை கிடையாது. அணையின் மேல் நின்றால், ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம். மறுபக்கம் அலையாத்திக் காடும் அதற்கப்பால் சேற்று வெளியும். இரண்டு உலகங்களை ஒரே இடத்தில் நின்று காணலாம்.

முதலில் கடற்பக்கம் திரும்புவோம்.

மலாக்கா நீரிணையில் கடல்நீர் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். இன்று காலை 7 மணிக்குக் கடல் நிறைந்திருந்தால், நாளைக் காலை ஏறத்தாழ 7 மணி 50 நிமிடத்திற்கு நிறையும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதி. கிள்ளான் துறைமுகப் பகுதியில் அந்நாள்களில் நீர்மட்ட வேறுபாடு சுமார் 4 மீட்டர் வரை இருக்கும். இரண்டு ஆள் உயரத்திற்கும் மேல்! அவ்வளவு நீரும் ஆறு மணி நேரத்தில் விலகும்போது, கண்ணுக்கெட்டிய தூரம் சேறு வெளிப்படுகிறது. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி பார்ப்பது விரதத்திற்கு மட்டுமன்று, பறவை நோக்குவதற்கும் பயன்படும்.

அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது? பார்ப்பவர் மூக்கைப் பொத்திக்கொள்வர். ஆனால் அலையாத்தி இலைகள் உதிர்ந்து மக்கிய அச்சேற்றில் புழுக்களும் சிப்பிகளும் நண்டுகளும் எண்ணற்றுக் கிடக்கின்றன. ஒரு கவ்வி மட்டும் பெருத்து, அதனை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும் சிறு நண்டைப் பார்த்திருப்பீர்கள். துடுப்புகளை ஊன்றித் தரையில் தத்திச் செல்லும் மீனையும் பார்த்திருப்பீர்கள். மலாய் மக்கள் அதனைத் தெம்பாகுல் என்பர். இவையெல்லாம் பறவைகளுக்கு விருந்து.

விருந்துக்கு வருவோர் உள்ளான்கள். கடலோரச் சேற்றில் நடந்து இரை தேடும் பறவைக் கூட்டத்திற்கு உள்ளான் என்பது தமிழில் பொதுப்பெயர். தொலைவிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றும். புதிதாய்ப் பார்ப்பவர் இதனால் சலிப்படைவதுண்டு. சலிக்க வேண்டா. நிறத்தைப் பார்க்காமல் அலகைப் பாருங்கள். குறுகிய அலகுடைய சிறு உள்ளான், ஓடும், நிற்கும், கண்ணால் கண்டதைக் கொத்தும், மீண்டும் ஓடும். சிவந்த கால்களையுடைய உள்ளான் நடுத்தர அலகால் சேற்றின் மேற்புறத்தைத் துழாவும். இன்னும் நீண்ட அலகுடையவை கண்ணால் காணாமலே சேற்றுக்குள் அலகைச் செலுத்தித் தொட்டறிந்து புழுவை எடுக்கும். அவற்றின் அலகு நுனியில் நுண்ணிய உணர்ச்சி உண்டு. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுடைய பெரிய உள்ளான் நண்டு வளைக்குள்ளேயே அலகை நுழைத்துவிடும். வளையின் வளைவும் அலகின் வளைவும் அளவெடுத்துச் செய்தாற்போல் பொருந்துவதைக் கண்டால் வியப்படைவீர்கள். ஒரே சேற்றில் நூற்றுக்கணக்கானவை சண்டையின்றி உண்பதன் காரணம் இதுவே. ஒன்றின் அலகுக்கு எட்டும் ஆழம் மற்றொன்றுக்கு எட்டுவதில்லை.

இப்பறவைகளுள் பெரும்பாலானவை இங்குக் கூடு கட்டுவதில்லை. அவை பிறந்த இடம் வடக்கே வெகுதொலைவில் உள்ள சைபீரியா, மங்கோலியா, சீனம் முதலிய நாடுகள். அங்குக் குளிர் தொடங்குமுன் புறப்பட்டு, ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நம் கரைக்கு வந்து சேர்கின்றன. சில இங்கேயே தங்கும், சில இளைப்பாறி ஆஸ்திரேலியா வரை செல்லும். மார்ச்சு முதல் மே வரை மீண்டும் வடக்கு நோக்கிப் பறக்கும். இவ்வாறு பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்வதைத் தமிழில் வலசை என்பர். தமிழர் இதனை அறியாதவர் அல்லர். தெற்கே குமரிக்குச் சென்று வடக்கே திரும்பும் நாரையிடம் தம் வறுமையைத் தூதாகச் சொல்லி அனுப்பினார் சத்திமுத்தப் புலவர். பறவை வருவதும் போவதும் வழக்கமாகக் கண்ணில் பட்ட நாட்டில்தான் அப்படியொரு பாட்டுப் பிறக்கும்.

வலசையின் தொலைவைக் கேட்டால் நம்ப முடியாது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில், சிறு கருவி பொருத்தப்பட்ட ஒரு மூக்கன் உள்ளான், அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் இறங்கியது. இடையில் எங்கும் இறங்கவில்லை, உண்ணவில்லை, பருகவில்லை. 11 நாள்கள், 13,560 கிலோமீட்டர். அதைவிட வியப்பு, அது பிறந்து ஐந்து மாதங்களே ஆன இளம்பறவை என்பது! பல உள்ளான் இனங்களில் பெற்றோர் முன்னதாகவே புறப்பட்டுவிடும். குஞ்சுகள் பின்னர்த் தாமாகவே வழி கண்டு பறக்கின்றன. அவற்றுக்கு வழி சொன்னவர் யார்? கதிரவன், விண்மீன், பூமியின் காந்தம் ஆகியவை துணை செய்கின்றன என்று ஆய்வாளர் கூறுவர். முழுவிடை இன்னும் வேண்டியிருக்கிறது. நம் பள்ளியிலிருந்து ஓர் ஆய்வாளர் தோன்றி அதைச் சொல்லட்டும்.

இனி, நீர் ஏறும் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேறு மூடிவிட்டால் உள்ளான்கள் உண்ண முடியாது. அடுத்த வற்றம் வரை மூன்று நான்கு மணி நேரம் உலர்ந்த ஓரிடத்தில் கூட்டமாய் நின்று ஓய்வெடுக்கும். கிள்ளானுக்கு வடக்கே காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்கள்கூட அவற்றுக்கு ஓய்விடமாக அமைந்ததுண்டு. பறவைக்கு இடத்தின் அழகு முக்கியமன்று, தொல்லையின்மையே முக்கியம். அவ்வேளையில் கல்லெறிந்தோ, கத்தியோ, நாயை ஏவியோ அவற்றை எழுப்பிவிடுவது பெருங்கேடு. கூட்டம் எழுந்து சுழல்வது பார்ப்பதற்கு அழகாயிருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்திற்கென உடலில் சேர்த்த கொழுப்பை அது வீணாக்குகிறது. வழிச்செலவுப் பணத்தை ஒருவர் பையிலிருந்து எடுத்து ஆற்றில் எறிவது போன்றது அச்செயல்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் தனியே கரைக்குப் போகலாகாது. அணையின் மேல் நின்றே பார்க்க வேண்டும். சேற்றில் இறங்கினால் கால் புதைந்துவிடும். புதைந்த கால் வெளிவருமுன் நீர் ஏறிவிடும்.

அணையின் மறுபக்கம் திரும்பினால் நாம் நன்கறிந்த பறவைகள். வாய்க்கால் ஓரத்தில் வெண்மார்புக் கானாங்கோழி வாலை ஆட்டியவாறு நடக்கும். மீன்கொத்தி மட்டையில் அமர்ந்திருக்கும். புல்வெட்டும் இயந்திரத்தின் பின்னால் உண்ணிக்கொக்குகள், சம்பளம் வாங்கும் ஆள்களைப் போல் ஒழுங்காக வரிசையில் வரும்; இயந்திரம் கிளப்பிவிடும் வெட்டுக்கிளிதான் அவற்றின் சம்பளம். மேலே செம்பருந்து வட்டமிடும். நம் தாய்மார் அதனைக் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வர்.

காகத்தைப் பற்றிச் சொல்லாமல் செல்லலாகாது. கழுத்துச் சாம்பல் நிறமான ஊர்க்காகம் இந்நாட்டுப் பறவையன்று. 1890-களில் கிள்ளான் வட்டாரத்தில் காப்பி பயிரிட்டனர். காப்பிச் செடியைக் கம்பளிப்புழுக்கள் தின்று அழித்தன. அப்புழுக்களை உண்ணும் என்று நம்பி, இலங்கையிலிருந்து காகங்களைக் கப்பலில் கொண்டுவந்து விட்டனர் தோட்டத் துரைமார். இதைப் பற்றி 1903-ஆம் ஆண்டில் இலங்கையின் இயற்கை ஆய்வு ஏடொன்றில் வெளிவந்த குறிப்பில் எழுதியவர்களுள் ஒருவர் இ. வி. கேரி. ஆம், நம் தீவுக்குப் பெயர் தந்த அதே எட்வர்டு வாலண்டைன் கேரிதான்! காப்பி மறைந்தது, இரப்பர் வந்தது, செம்பனை வந்தது. காகம் மட்டும் போகவில்லை. பிற்காலத்தில் கிள்ளானில் அது பெருகிக் குப்பையைக் கிளறியதால், ஊராட்சியினர் துப்பாக்கிக்காரரை அழைத்துச் சுடச் செய்ததும் உண்டு. வேலைக்கென்று அழைத்து வந்து, வேலை முடிந்தபின் வேண்டாதது என்று விரட்டுவது காகத்தின் குற்றமாகாது என்பது என் கருத்து. காகம் வந்ததனால் குயிலுக்கும் நன்மை விளைந்தது. முன்னர்ப் பெரும்பாலும் பருவ விருந்தாளியாய் வந்துபோன குயில், காகத்தின் கூட்டில் முட்டையிடக் கற்று, இன்று ஆண்டு முழுவதும் விடியலில் கூவுகிறது.

இறுதியாக, இரவில் உழைக்கும் ஒரு பறவை. அது கூகை. நெஞ்சு வடிவில் வெண்மையான முகமும் பொன்னிற முதுகும் உடையது. கூரைமேல் கூகை அமர்ந்து அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று நம்முள் பலர் இன்னும் அஞ்சுகின்றனர், அஞ்சிக் கல்லெறிகின்றனர். உண்மையில் அது அங்கு வருவது எலியைத் தேடி. எலி எங்கே இருக்கிறதோ அங்கே கூகை. சாவைச் சொல்ல வருவதாயின் அது எலியின் சாவாகத்தான் இருக்கும். சங்கப் புலவருள் கூகைக்கோழியார் என்ற பெயருடையவரே இருந்திருக்கிறார். புறநானூற்றில் அவர் பாடல் உள்ளது. அந்தப் பெயரால் அவருக்குத் தீங்கு நேர்ந்ததாக யாரும் சொல்லவில்லை.

மலேசியாவில் வாணிகத்திற்கெனச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917-ஆம் ஆண்டில், நம் சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். (பெயர் தென்னை, பயிர் செம்பனை!) செம்பனை பரவ, அதன் பழத்தைத் தின்னும் எலியும் பரவிற்று. எலிகளால் விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை இழப்பு நேரலாம் என்று கணக்கிட்டுள்ளனர். முற்காலத்தில் இத்தீபகற்பத்தில் கூகை மிக அரிது. 1960-களின் இறுதியில்தான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அதன் கூடு கண்டறியப்பட்டது. எலி மிகுந்த தோட்டத்தில் உணவுக்குப் பஞ்சமில்லை, குறை ஒன்றே. கூகை கூடு கட்டத் தெரியாத பறவை; மரப்பொந்தில் முட்டையிடும். செம்பனையில் பொந்து ஏது? ஆகவே கம்பத்தின்மேல் மரப்பெட்டி அமைத்தனர். ஏறத்தாழ 10 ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்ற அளவில் வைக்கும் வழக்கம் 1980-களில் பல தோட்டங்களுக்குப் பரவியது. குஞ்சுகளோடு கூடிய ஓர் இணை, ஆண்டொன்றுக்கு ஆயிரம் எலிகளுக்குக் குறையாமல் உண்ணும் என்பது ஆய்வாளரின் மதிப்பீடு.

கூகையின் இரு செவிகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சற்று மேலும் மற்றது சற்றுக் கீழும் அமைந்துள்ளன. ஓசை ஒரு செவிக்கு முன்னும் மறு செவிக்குப் பின்னும் எட்டுவதைக் கொண்டு, காரிருளிலும் எலி இருக்கும் இடத்தை அது துல்லியமாக அறியும். சிறகின் ஓரம் மென்மையான இழைகளால் ஆனதால் பறக்கும் ஒலி எலிக்குக் கேட்பதில்லை. முழுதாய் விழுங்கிய எலியின் மயிரையும் எலும்பையும் ஓர் உருண்டையாக்கி வெளியே கக்கிவிடும். பெட்டிக்கு அடியில் அவ்வுருண்டைகள் கிடந்தால், ஆசிரியர் துணையுடன் குச்சியால் பிரித்துப் பாருங்கள். எலியின் மண்டையோடுகளை எண்ணலாம். பின்னர்க் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ மறவாதீர். தோட்டத் தொழிலாளத் தோழர்கள் அறிய வேண்டிய செய்தியும் ஒன்று: கடுமையான எலி நஞ்சு வைத்தால், அதைத் தின்ற எலியை உண்ணும் கூகையும் மடியும். நஞ்சும் கூகையும் ஒரே தோட்டத்தில் ஒத்துப்போவதில்லை.

பறவைகளைக் குறித்து வைப்பது ஏன் இப்போதே தேவை என்று கேட்பீர்கள். நம் பறவைகள் வலசை வரும் வழியில் மஞ்சட்கடற்கரை அவற்றுக்கு முக்கியமான தங்குமிடம். ஐம்பது ஆண்டுகளில் அங்குள்ள சேற்று வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு வரை மறைந்துவிட்டன. மண் கொட்டி மேடாக்கிவிட்டனர். எஞ்சியவற்றுள் சீனப் பகுதி 2019-ஆம் ஆண்டிலும் கொரியப் பகுதி 2021-ஆம் ஆண்டிலும் உலகப் பாரம்பரிய இடங்களாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ளோர் அதனைக் காக்க வாதாடியபோது, பல ஆண்டுகளாக எழுதிவைத்த பறவைக் கணக்குகள் கையில் இருந்தன. நம் தீவில் பெரிய துறைமுகம் ஒன்று அமைக்கும் திட்டம் 2017-ஆம் ஆண்டு முதல் பேசப்பட்டு வருகிறது. அதனால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கலாம். அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் எந்தச் சேற்றில் எத்தனை பறவைகள் இரை தேடின என்று எழுதிவைத்தவர் இல்லையெனில், எதை இழந்தோம், எதைக் காத்தோம் என்று எவராலும் சொல்ல இயலாது. கரையோரத்தில் தலைமுறை தலைமுறையாய் வாழும் மாமேரி மக்கள் இவற்றை நன்கறிவர். வாய்ப்புக் கிடைத்தால் அவர்களிடம் பணிவுடன் கேட்டறியுங்கள்.

குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை ஏழு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: நாள், நேரம், நீர் ஏறுகிறதா வற்றுகிறதா, நின்ற இடம், பறவை, எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல். பெயர் தெரியாவிட்டால் அலகையும் காலையும் வரைந்து வையுங்கள். பெயரைப் பின்னர்த் தேடிக்கொள்ளலாம். கூட்டம் பெரிதாயின் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பரப்பைக் கண்ணால் அளந்து, அதுபோல் எத்தனை பரப்புகள் என்று கணக்கிடுங்கள். பெருக்கல் வாய்பாடு இங்கு உதவும். ஒரு பறவையும் காணாத நாளிலும் சுழியம் என்று எழுதுங்கள். ஏப்ரல் மாதத்துப் பக்கங்களைக் கவனமாக எழுத வேண்டும். அம்மாதத்தில் சாம்பல் நிற உள்ளான்கள் சிலவற்றின் மார்பு செங்கல் நிறமாக மாறும். பறவை புறப்படப் போகிறது என்பதன் அடையாளம் அது.